ஆற்றுவாயில் நின்ற கல்

கேள்வி: பண்டைய மனிதர் பாறையில் விட்டுச்சென்ற தடம் ஏதேனும் சிங்கப்பூரில் உண்டா? (வாசகர், லிட்டில் இந்தியா)

பதில்: விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் உள்ளவை போன்ற செந்நிறப் பாறை ஓவியங்கள் சிங்கப்பூரில் கண்டறியப்படவில்லை எனினும், பாறையில் எழுத்துப் பொறிக்கும் மரபுக்கு இங்கு ஒரு சான்று இருந்தது, அதன் ஒரு துண்டு ஸ்டாம்ஃபர்ட் சாலையிலுள்ள தேசிய அரும்பொருளகத்தின் உடைமையாக எஞ்சியிருக்கிறது. 'சிங்கப்பூர்க் கல்' எனப்படும் அந்த மணற்பாறை, சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், அதாவது ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில் நின்றது. 1819-இல் காடு திருத்திய தொழிலாளர்களின் கண்ணில் பட்ட அதன் முகப்பில் சுமார் 50 வரிகள் இருந்தன. 1843-இல் ஆற்றுவாயை அகலப்படுத்தவும் கோட்டைக்கு இடம் காணவும் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது; ஜேம்ஸ் லோ என்ற படையதிகாரி சில துண்டுகளை மீட்டார். (கல்வெட்டு வெறும் கல்லாகக் கருதப்பட்டு உடைபடுவது தமிழ்நாட்டாருக்கும் புதிதன்று.)

எஞ்சிய துண்டின் எழுத்தைப் பழைய ஜாவாவின் 'கவி' எழுத்தோடு ஒப்பிடுவோர் உளர். 2019-இல் இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் அதில் 'கேசரிவ' என்று படித்து, பரகேசரிவர்மன் என்னும் சோழப் பட்டத்தோடு அதனை இணைத்தார். தமிழருக்கு இனிக்கும் வாசிப்புதான். ஆயினும் முழுப் பாடமும் படிக்கப்படாத நிலையில் அதனை முடிவாகக் கொள்வது அவசரமாகும்.

கல் நின்ற முனைப்பகுதியில் இன்று ஃபுல்லர்டன் ஹோட்டல் இருக்கிறது. அதன் எதிரே விரிந்திருந்த கடல், நிலமீட்புப் பணிகளால் விலகி, 2008-இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபின் நகருக்குக் குடிநீர் தரும் தேக்கமாக மாறியிருக்கிறது.