இரண்டு ஓரங்களுக்கு நடுவே

கரமனை

சிரஞ்சீவி பேரனுக்கு,

சென்ற விடுமுறையில் நீ திண்ணையில் உட்கார்ந்து ஏதோ கேட்க, நான் "என்ன, என்ன" என்று காதை நீட்ட, நீ குரலைச் சற்று உயர்த்தியதும் "ஏண்டா கத்தறே, நான் என்ன செவிடா?" என்று சீறினேனே, அந்த விபரீதத்தின் ரகசியம், இங்கே ஆக்குளத்தில் 1997-இல் தோன்றிய 'நிஷ்' என்னும் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் என் செவியை அளந்தபோதுதான் விளங்கிற்று.

சப்தம் புகாத அறையில் உட்கார வைத்து, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லி, அழுத்தினால் பத்து டெசிபெல் குறைத்தும் அழுத்தாவிட்டால் ஐந்து கூட்டியும் செவித்திறனின் கீழோரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். எனக்கு அது அறுபது. பிறகு அதே ஒலியைப் படிப்படியாக உயர்த்தி, இதற்குமேல் வேண்டாம் என்று தோன்றும் இடத்தில் கை தூக்கச் சொல்கிறார்கள். 'எவ்வளவு தாங்குவீர்கள்' என்று கேட்டால் என்போன்ற வீம்புக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கையை ஏற்றிவிடுவார்கள். ஆதலால் அந்தக் கேள்வியின் வாசகமே அளவுகோலின் ஒரு பகுதியாகும். என் மேலோரம் தொண்ணூற்றைந்து. உனக்குச் சுமார் நூறு டெசிபெல் அகலமுள்ள உலகம் எனக்கு முப்பத்தைந்தில் அடங்கிவிட்டது!

உட்செவியின் நத்தைக்கூட்டில் மெல்லிய ஒலிகளை மட்டும் பெருக்கித்தரும் வெளிமயிர்ச் செல்கள் மூப்பினால் நசித்துப்போக, அவற்றின் சகாயம் தேவைப்படாத பெருஞ்சப்தங்களோ பழைய உக்கிரத்துடனேயே உள்ளே நுழைவதால், முணுமுணுப்பு அறவே மறைய, பாட்டி எவர்சில்வர் டபராவை மேடையில் வைக்கும் 'ணங்' மாத்திரம் ஈட்டியாய்க் குத்துகிறது. செவிக்கருவியும் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்கலாகாது. மெல்லியதை மிகவும், உரத்ததைச் சிறிதும் உயர்த்தி, என் மேலோரத்தைத் தாண்டாமல் நிறுத்தவேண்டும்.

செவித்திறனில் குறையே இல்லாமல், எண்பது டெசிபெலிலேயே துடித்துப்போகிறவர்களும் உண்டு. குக்கர் விசிலுக்குக்கூட ஓடி ஒளியும் அவர்களை நாடகமாடுவதாகப் பரிகசிப்பது மகாபாபம். அவர்கள் ஓயாமல் காதில் பஞ்சடைத்துக்கொண்டால், நிசப்தத்தில் பழகிய செவி இன்னும் கூர்மையாகி, தொல்லையே அதிகரிக்கும். மெல்லிய ஒலிகளோடு சிறுகச் சிறுக இணங்கிப் பழகுவதே வழி.

அடுத்த முறை வரும்போது எதிரே வந்து, முகத்தைக் காட்டி, நிதானமாகப் பேசு. கோயில் பொங்காலைத் திருவிழாவுக்கு வருவதானால், கதினா வெடி வைக்குமுன் என் தோளைத் தட்டு, கருவியைக் கழற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாத்தா