சக்கர வீடும் சுமையின் கணக்கும்

தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும் நாளை நினைத்துப் பாருங்கள். முறுக்கு டின்கள், துணிப்பைகள், பாட்டிக்கு வாங்கிய போர்வை, தம்பியின் மிதிவண்டி எல்லாம் மகிழுந்தின் பின்பெட்டியில் ஏறிவிட்டன. “இன்னும் ஒரே ஒரு பைதான்” என்கிறார் அம்மா. அப்பா குனிந்து டயர்களைப் பார்க்கிறார். வண்டியின் பின்பகுதி சற்றுத் தாழ்ந்திருக்கிறது. அந்த ஒரு பையை வைக்கலாமா, வேண்டாமா? இக்கேள்வியை வீட்டையே இழுத்துக்கொண்டு பயணம் செய்வோரும் கேட்டாக வேண்டும். அவர்கள் கேட்க வேண்டிய நேரம் புறப்படும் நேரமன்று. அந்த வீட்டை வாங்கும் நேரம்.

மகிழுந்தின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லும் சக்கர வீட்டைக் ‘கேரவன்’ என்பர். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை ஆகியவை அதனுள் அமைந்திருக்கும். பிரிட்டனில் கோடை விடுமுறை தொடங்கியதும் நெடுஞ்சாலைகளில் இவை வரிசையாகச் செல்வதைக் காணலாம். கடற்கரைக்கோ மலையடிவாரத்திற்கோ சென்று, அதற்கென உள்ள முகாம் திடலில் கேரவனை நிறுத்திவிட்டு, மகிழுந்தில் மட்டும் ஊரைச் சுற்றிப் பார்ப்பது அங்குள்ளோரின் வழக்கம்.

இப்பழக்கம் மகிழுந்துக்கும் முந்தியது. 1885-ஆம் ஆண்டில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர், பொழுதுபோக்குப் பயணத்திற்கென்றே ஒரு சக்கர வீட்டைச் செய்வித்தார். அவர் பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றியவர். சிறுவர்களுக்கான வீரதீரக் கதைகளையும் எழுதியவர். ‘வாண்டரர்’ எனப் பெயரிடப்பட்ட அவ்வண்டியை இரண்டு குதிரைகள் இழுத்தன. 1907-இல் கேரவன் பயணிகளுக்கென ஒரு சங்கம் தோன்றியது. அது இன்றும் இயங்கி வருகிறது. 1919-இல் எக்லஸ் என்ற நிறுவனம் மகிழுந்து இழுக்கும் கேரவன்களை விற்பனைக்காகச் செய்யத் தொடங்கியது. குதிரையின் இடத்திற்கு இயந்திரம் வந்தது. ஆயினும், இழுப்பதன் ஆற்றலுக்கு ஏற்பவே சுமை இருக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை.

படுக்கையா, பாரமா?

இங்கிலாந்தில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா, அம்மா, பதினைந்து வயது மகள், பத்து வயது மகன் என நால்வர். பல ஆண்டுகள் சேர்த்த பணத்தில் ஒரு கேரவன் வாங்க முடிவு செய்கின்றனர். விற்பனை நிலையத்தில் ஆறு படுக்கைகள் கொண்ட ஒரு கேரவன் அவர்களைக் கவர்கிறது. அகலமான சன்னல், பெரிய சமையலிடம், நண்பர்கள் வந்தாலும் தங்க இடமுண்டு. “இதையே வாங்கிவிடலாம்” என்கிறார் அப்பா.

மகள் மட்டும் வெளியே நின்று வாசலருகே பதிக்கப்பட்டிருக்கும் சிறிய தகட்டைப் படித்துக்கொண்டிருக்கிறாள். “அப்பா, இதன் உச்ச எடை 1,500 கிலோ. நம் மகிழுந்தின் எடை எவ்வளவு?” என்று கேட்கிறாள். அப்பாவுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மகிழுந்தின் கையேட்டைப் புரட்டிப் பார்க்கிறார். அதன் எடையும் 1,500 கிலோதான்.

கேரவன் வாங்குவோர் முதலில் அறிய வேண்டிய எண்கள் மூன்று. முதலாவது, மகிழுந்தின் வெற்று எடை. இரண்டாவது, அம்மகிழுந்து இழுக்கலாம் எனத் தயாரிப்பாளர் வரையறுத்த எல்லை. இதனை எக்காரணம் கொண்டும் மீறக்கூடாது. மூன்றாவது, பொருள்களை ஏற்றிய பின் கேரவன் இருக்கக்கூடிய உச்ச எடை. இந்த உச்ச எடை, மகிழுந்தின் வெற்று எடையில் 85 விழுக்காட்டிற்குள் இருப்பது நல்லது எனப் புதிதாக இழுப்போருக்கு அறிவுரை கூறப்படுகிறது. இது சட்டமன்று; பாதுகாப்புக்கான வழிகாட்டி. பின்னால் வருவது முன்னால் செல்வதைவிடக் கனமாக இருந்தால், வளைவிலும் இறக்கத்திலும் கேரவனே மகிழுந்தைத் தள்ளத் தொடங்கும். ‘நாய் வாலை ஆட்டலாம், வால் நாயை ஆட்டலாமா?’ என்று கேட்பதுபோன்ற நிலைதான் அது.

1,500 கிலோவில் 85 விழுக்காடு 1,275 கிலோ. எனவே, ஆறு படுக்கைக் கேரவன் இக்குடும்பத்திற்குப் பொருந்தாது. பிரிட்டனில் 2021 டிசம்பர் 16 முதல், மகிழுந்து உரிமம் உள்ளவர்கள் தனித் தேர்வின்றி 3,500 கிலோ வரையிலான இழுவை வண்டியை இழுக்கலாம். ஆனால், உரிமம் ஓட்டுநருக்குத்தான் கிடைக்கிறது. மகிழுந்தின் வலிமை அதனால் கூடுவதில்லை.

நூற்றைம்பது கிலோவுக்குள் ஒரு வீடு

அடுத்து, நான்கு படுக்கைகள் கொண்ட ஒரு கேரவனைப் பார்க்கின்றனர். அதன் வெற்று எடை 1,100 கிலோ. உச்ச எடை 1,250 கிலோ. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 150 கிலோ. அதுவே அவர்கள் ஏற்றக்கூடிய சுமையின் அளவு. ‘நூற்றைம்பது கிலோ நிறையவே இருக்கிறதே’ என்று தோன்றும். மகள் ஒரு தாளில் பட்டியலிடுகிறாள்:

மின்கலம் – 22 கிலோ
எரிவாயுக் கலன்கள் – 20 கிலோ
வாசலில் கட்டும் கூடாரம் – 25 கிலோ
மடக்கு மேசை, நாற்காலிகள் – 20 கிலோ
சமையல் பாத்திரங்கள், உணவுப் பொருள்கள் – 30 கிலோ
படுக்கை விரிப்புகள், உடைகள் – 40 கிலோ

மொத்தம் 157 கிலோ. இன்னும் ஒரு விளையாட்டுப் பொருள்கூட ஏறவில்லை; அதற்குள் 7 கிலோ கூடிவிட்டது. தண்ணீரையும் மறக்கக்கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. 40 லிட்டர் நீர்க்கலனை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால், மேலும் 40 கிலோவைச் சுமக்க நேரிடும்.

மேசையையும் நாற்காலிகளையும் மகிழுந்தில் வைத்தால், கேரவனின் சுமை 137 கிலோவாகக் குறையும். தண்ணீரை முகாம் திடலை அடைந்த பிறகு பிடித்துக்கொள்ளலாம். எனினும், மகிழுந்தும் எல்லாவற்றையும் தாங்கிவிடாது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. எனவே, எல்லாப் பொருள்களையும் ஏற்றிய பின் ஒருமுறை எடை மேடையில் நிறுத்திப் பார்ப்பதே உறுதியான வழி. கண்ணால் பார்த்து எடையைச் சொல்ல எவராலும் இயலாது.

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்றோர் அதிகாரம் உண்டு. அதில் மயிலிறகு ஏற்றிய வண்டியை வள்ளுவர் நமக்குக் காட்டுகிறார். இறகு மென்மையானதுதான், ஆனால், அளவு மீறினால் அதனாலும் அச்சு முறியும் என்பது அவர் தரும் எச்சரிக்கை. மகள் எழுதிய பட்டியலிலும் தனித்தனியே பார்த்தால் கனமான பொருள் எதுவுமில்லை. கூட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

எங்கே வைப்பது?

எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதோடு, எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். கனமான பொருள்களைத் தரையோடு ஒட்டி, அச்சுக்கு அருகில் வைக்க வேண்டும். மேல் அலமாரிகளில் உடைகள் போன்ற இலேசான பொருள்களை மட்டுமே வைக்கலாம். கேரவனின் முன்முனை, மகிழுந்தின் இணைப்புக் கொக்கியை ஓரளவு கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு வரை இருப்பது பொதுவான வழிகாட்டி. 1,237 கிலோ எடையுள்ள கேரவனுக்கு இது ஏறக்குறைய 62 முதல் 87 கிலோ வரை ஆகும். மகிழுந்தின் கொக்கி தாங்கும் எல்லை இதைவிடக் குறைவாக இருந்தால், அக்குறைந்த அளவையே பின்பற்ற வேண்டும்.

பின்பகுதியில் பாரம் மிகுந்தால் என்ன நேரும்? ஒரு பலத்த காற்றோ வேகமாகக் கடந்து செல்லும் கனவுந்தோ போதும். கேரவன் பாம்புபோல் இருபுறமும் அசையத் தொடங்கும். அப்போது பதற்றத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பது ஆபத்தானது. வேகமுடுக்கியிலிருந்து காலை எடுத்து, வண்டி தானாக வேகம் குறைய விடவேண்டும். பிரிட்டனில் மகிழுந்துகள் விரைவுச்சாலையில் மணிக்கு 70 மைல் வரை செல்லலாம். கேரவனை இழுக்கும்போது அவ்வெல்லை 60 மைல், அதாவது ஏறக்குறைய 96 கிலோமீட்டர். நடுத்தடுப்பு இல்லாத சாலைகளில் அது 50 மைல் மட்டுமே. கேரவன் நகரும்போது அதனுள் எவரும் இருக்கக்கூடாது.

பழையதை வாங்கும்போது

புதிய கேரவனின் விலை அக்குடும்பத்திற்குக் கட்டுப்படியாகவில்லை. எனவே, பயன்படுத்திய கேரவன்களைத் தேடுகின்றனர். ஒருவர் தம்முடையதை மிகக் குறைந்த விலைக்குத் தர முன்வருகிறார். உள்ளே எல்லாம் பளபளப்பாக இருக்கிறது. “இன்றைக்கே எடுத்துக்கொண்டால் இன்னும் குறைத்துத் தருகிறேன்” என்கிறார் அவர். அப்பாவின் கை பணப்பையை நோக்கிச் செல்கிறது.

அம்மா சன்னலின் மூலையை விரலால் அழுத்திப் பார்க்கிறார். சுவர் மெத்தென்று உள்வாங்குகிறது. இலேசான பூஞ்சை வாடையும் வீசுகிறது. பழைய கேரவனின் பெரும் பகை ஈரக்கசிவு. இணைப்புகளின் வழியே நுழையும் மழைநீர், சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தை வெளியே தெரியாமல் உளுத்துப்போகச் செய்யும். ஈரமானியின் அளவு 15 விழுக்காட்டிற்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் தொழில் அறிந்தவரிடம் காட்ட வேண்டும். அவ்விடத்தில் ஈரமானி 24 எனக் காட்டியது. பழுதுபார்க்கும் செலவு, குறைத்துத் தரும் விலையைவிட மிகுதியாகலாம். குடும்பத்தினர் நன்றி கூறிவிட்டுத் திரும்பினர்.

டயர்களையும் கவனிக்க வேண்டும். கேரவன் ஆண்டின் பெரும்பகுதி நின்றுகொண்டே இருப்பதால், டயரின் வரிப்பள்ளம் தேயாமலேயே இரப்பர் முதுமையடைந்துவிடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைச் சொல்லும். ‘2319’ என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். தோற்றம் நன்றாக இருந்தாலும், ஏழு ஆண்டுகளைக் கடந்த டயரைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே அங்குள்ள வல்லுநர்களின் அறிவுரை. வண்டியின் அடிச்சட்டத்தில் உள்ள அடையாள எண்ணும் ஆவணங்களில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என ஒப்பிடுவதும் தேவை. எண்கள் வேறுபட்டால் அது திருடப்பட்ட வண்டியாகவும் இருக்கலாம்.

விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை. இணைப்புக் கொக்கி, அகலமான பக்கக் கண்ணாடிகள், காப்பீடு, ஆண்டுப் பராமரிப்பு, நிறுத்துமிட வாடகை ஆகியவையும் உண்டு. குளிர்காலத்தில் செல்ல விரும்பினால் எரிவாயுவையும் அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பியூட்டேன் சுழியப் பாகை செல்சியஸ் அளவில் ஆவியாக மறுத்துவிடும்; புரோப்பேன் கடுங்குளிரிலும் எரியும்.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு, அக்குடும்பம் வேறொரு நான்கு படுக்கைக் கேரவனை வாங்கியது. அதற்கு முன் ஒரு வார இறுதியில் அதே அளவுள்ள ஒன்றை வாடகைக்கு எடுத்து, இழுத்துப் பழகிப் பார்த்தனர். முதல் பயணம் புறப்படும் காலையில், தம்பி தன் கற்கள் நிறைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அக்கா, இது ஒன்றுதான்” என்றான். அவள் பட்டியலை எடுத்தாள். மீதம் 13 கிலோ. பெட்டியைத் தராசில் வைத்தாள். 9 கிலோ.

“ஏற்றலாம், ஆனால், அச்சுக்கு அருகில் வை” என்றாள்.

சிந்தித்து விடை எழுதுக

1. ஆறு படுக்கைக் கேரவன் அக்குடும்பத்திற்கு ஏன் பொருந்தவில்லை?
2. ஒரு மகிழுந்தின் வெற்று எடை 1,400 கிலோ. 85 விழுக்காட்டு வழிகாட்டியின்படி அது இழுக்கத்தக்க கேரவனின் உச்ச எடையைக் கணக்கிடுக.
3. “உரிமம் ஓட்டுநருக்குத்தான் கிடைக்கிறது, மகிழுந்தின் வலிமை அதனால் கூடுவதில்லை.” இக்கூற்றை விளக்குக.
4. குறைந்த விலைக்குக் கிடைத்த கேரவனை வாங்காமல் திரும்பியது சரியான முடிவா? காரணங்களுடன் எழுதுக.
5. உங்கள் குடும்பம் அண்மையில் வாங்கிய ஒரு பொருளை எண்ணிப் பாருங்கள். வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதுக.