சர்க்கரைக்கொல்லி சர்க்கரையைக் கொல்கிறதா?

உங்கள் வீடு திருச்சி எடமலைப்பட்டி புதூரில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வேலியில் சிறுகுறிஞ்சான் கொடி படர்ந்திருக்கிறது. நீரிழிவுக்கு மாத்திரை உண்ணும் உங்கள் தாத்தா அதன் இலைகள் இரண்டைப் பறித்து மெல்லுகிறார். பிறகு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை வாயில் இடுகிறார். இனிக்கவில்லை, மணல்போல் நறநறக்கிறது! "சர்க்கரைக்கொல்லி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? நாக்கில் கொன்றது இரத்தத்தில் விட்டுவைக்குமா? இனி மாத்திரை எதற்கு?" என்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

முதலில் நாக்கைக் கவனிப்போம். சுவை மொட்டுகளில் இனிப்பை உணரும் புரதங்கள் உள்ளன. இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கின்றன. ஏறத்தாழ அரைமணி நேரம் இனிப்பு தெரியாது. உப்பும் புளிப்பும் தெரியும். ஆனால் சர்க்கரை அழியவில்லை. அது குடலில் செரித்து, குளுகோசாக இரத்தத்தில் கலக்கிறது. வாசல் மணி பழுதானால் விருந்தாளி வராமலா போய்விடுவார்?

ஆகவே, இலை இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை நாக்கில் இல்லை, சோதனையில்தான் உண்டு.

இவ்விலையின் வேதியியலை ஆராய்ந்தவர்களுள் முன்னோடி, உதகமண்டலத்தில் அரசின் கொய்னா ஆய்வாளராக இருந்த டேவிட் ஹூப்பர். அவர் தம் முடிவுகளை 1887-இல் வெளியிட்டார். நூறாண்டுக்குப் பின், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியலார் இலையிலிருந்து சாரம் பிரித்தெடுத்தனர். இரண்டாம் வகை நீரிழிவு உடைய 22 பேருக்கு, வழக்கமான மாத்திரையுடன் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் சாரத்தை 18 முதல் 20 மாதங்கள் கொடுத்தனர். இரத்தச் சர்க்கரை குறைந்தது. ஐவரால் மாத்திரையை விடவும் முடிந்தது. இம்முடிவு 1990-இல் வெளிவந்தது.

நல்ல செய்திதான். ஆனால் 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. போலி மருந்து கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. மேலும், அவர்கள் உண்டது அளந்து எடுத்த சாரம். வேலியில் பறித்த இலையன்று. இலையிலுள்ள மருந்துப் பொருளின் அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும்.

அப்படியானால் செடியிலிருந்து மருந்தே கிடைக்காதா? கிடைக்கும்! ஐரோப்பாவின் கலீகா என்னும் செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருந்தது, நச்சும் இருந்தது. வேதியியலார் அதனோடு உறவுடைய சேர்மங்களை ஆக்கினர். அவற்றுள் ஒன்றான மெட்ஃபார்மின் 1922-இல் உருவானது. பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பயனை 1957-இல் வெளியிட்டார். தாத்தா விழுங்கும் மாத்திரையே அதுவாக இருக்கலாம்!

இனித் தாத்தாவிடம் சொல்லுங்கள்: "மாத்திரையை நிறுத்தாதீர்கள். இலையையும் சேர்த்து உண்டால் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் கேட்டுச் செய்வோம்." உடலில் இன்சுலின் சுரக்காதவர் ஊசியை நிறுத்தினால், சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

சிந்தியுங்கள்:

1. சோதனையில் போலி மருந்து எதற்கு?

2. இலையை மென்றவருக்கு இனிப்பு தெரியாவிட்டாலும் இரத்தச் சர்க்கரை ஏறுவது ஏன்?