சீனஞ் செல்லும் பொறியியன் மாணவர்க்கு

கொழும்புத் தேசிய நூதனசாலையில் மும்மொழிக் கல்வெட்டொன்று உளது. 1911ஆம் ஆண்டிற் காலியிற் கண்டெடுக்கப்பட்ட அக்கல், 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனக் கடற்றளபதி செங் கோவின் பயணத்தொடு தொடர்புடையது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. பிறநாடு செல்வோர் அந்நாட்டார் மொழியையும் மரபையும் மதித்தல் வேண்டும் என்பதே அது புகட்டும் பாடம்.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைச் சீன நிறுவனத்தார் நிருமாணித்தனர். எனவே நம் மாணவர் சீனத்திற் பயின்று ஆங்கே தொழில்புரிய விழைதல் இயல்பே. ஆயின் ஆங்கிலவழிப் பட்டம் வகுப்பறைக்குப் போதியதாயினும் வேலைத்தளத்துக்குப் போதாது. வரைபடத்தின் எண்களை எந்நாட்டாரும் உணர்வர். “மின்னை நிறுத்து” என்னும் எச்சரிக்கையோ, கேட்போன் அறிந்த மொழியிற் கூறப்படாவிடின் உயிரைக் காவாது.

சீனமொழியிற் பொருளை வேறுபடுத்துவது தொனி. ‘மா’ என்னும் ஓரசை, நான்கு தொனிகளில் முறையே தாய், சணல், குதிரை, ஏசுதல் எனப் பொருள்படும். தமிழிலும் ‘மா’ மரத்தையும் குதிரையையும் அரிசிமாவையும் குறிக்கும். நாம் இடம்நோக்கிப் பொருள் கொள்கின்றோம். சீனம் பயில்வோன் செவியையும் பழக்குதல் வேண்டும்.

சீனமொழிவழிப் பட்டம் பயிலச் செல்வோர்க்கு ஆங்கு மொழி ஆயத்த வகுப்புக்கள் உள. அதுகாறுங் காத்திராது, நாடோறும் ஐந்து எழுத்துக்களை ஈண்டே எழுதிப் பழகுக. பத்துச் சொற்களை உரக்கக் கூறுக. தாய்மொழியைத் திருத்தமுறக் கற்றவர்க்கு இது அரிதன்று. இலக்கணம் என்பது யாதென அவர் முன்னரே அறிவர்.