பரணில் கிடந்தது குளச்சல் துப்பாக்கியா?

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு தக்கலைப் பக்கம். அதைப் பிரித்தபோது பரணில் நீளமான பழைய துப்பாக்கி ஒன்று கிடைத்தது. குளச்சல் போரில் டச்சுக்காரர்களிடம் பிடித்தது என்று பெரியம்மா அடித்துச் சொல்கிறார். உண்மையா? தேய்த்துப் பளபளப்பாக்கி வீட்டுச் சுவரில் மாட்டலாமா?
– வாசகர், பழவங்காடி, திருவனந்தபுரம்

பதில்: தேய்க்காதீர்கள். குதிரை பொருத்தியிருக்கும் பக்கத்து இரும்புத் தகடுதான் பெரியம்மாவின் ஒரே சாட்சி. உப்புத்தாள் பட்டால் அதிலுள்ள முத்திரை போய்விடும்.

அதற்கும் முன்னால், குழலில் மருந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கெட்டித்த பழைய மருந்தும் வெடிக்கும். வாய்க்கு நேரே நிற்காமல், மூங்கில் குச்சி ஒன்றை உள்ளே விட்டு அளவு குறித்து, வெளியே வைத்துப் பாருங்கள். பக்கவாட்டுப் பற்றுத்துளைக்கு நன்றாக முன்னாலேயே நின்றுவிட்டால், தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

இனி கதைக்கு வருவோம். 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையையே ஐரோப்பிய முறையில் பழக்கினார். தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலையும் இருந்தது. 1777-ல் இறந்த அவருடைய கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது, லத்தீனும் தமிழும் பொறித்து. ஆகவே உங்கள் ஊரில் டச்சுத் துப்பாக்கி கிடைப்பது நடக்காத காரியமல்ல. டச்சுக் கம்பெனிச் சரக்காக இருந்தால் வி, ஓ, சி என்ற மூன்று ரோமன் எழுத்துகள் பின்னிய முத்திரையைத் தேடுங்கள். (நம் கப்பலோட்டியவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

ஆனால் என் பந்தயம் ஆங்கிலேயக் கம்பெனி மீதுதான். திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி ஆங்கிலேயரை எதிர்த்து நடத்திய கிளர்ச்சி 1809-ல் அடங்கியதும் திருவிதாங்கூர்ப் படையைக் கலைத்தார்கள். பின்னால் எழுந்த நாயர் பட்டாளம் ஆங்கிலேய அதிகாரிகளின் கீழ் இருந்தது; அதன் வீரர்கள் கையில் கம்பெனித் துப்பாக்கி இருந்திருக்கலாம். பத்மநாபபுரத்திலிருந்து அந்தப் பட்டாளத்தோடு வந்தவர்தான் உங்கள் பழவங்காடிப் பிள்ளையார். அதனால்தான் கோயிலை இன்றும் ராணுவம் பார்த்துக்கொள்கிறது.

கம்பெனித் துப்பாக்கியை அடையாளம் காண்பது எளிது. குழலை அளந்து பாருங்கள்: 39 அங்குலம், வாய் முக்கால் அங்குலம் என்றால் அது 'இந்தியா பேட்டர்ன்'. பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய துப்பாக்கிக் குழல் 46 அங்குலம், பிறகு 42. கம்பெனி தன் சிப்பாய்களுக்காகக் குழலைக் குறைத்து, செலவையும் குறைத்தது. பிரெஞ்சுப் போரில் துப்பாக்கித் தட்டுப்பாடு வந்ததும் பிரிட்டிஷ் ராணுவமே அதை வாங்கிக்கொண்டது. தகட்டில் இதய வடிவ முத்திரை இருந்தால் ஏறத்தாழ 1808-க்கு முந்தையது. எழுந்து நிற்கும் சிங்கம் இருந்தால் பிந்தையது. குதிரையின் வாயில் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தாடை இல்லாமல், சுத்தியல்போல் மொட்டையாக இருந்தால் இன்னும் பிந்தியது, குளச்சலுக்கு நூறாண்டு தள்ளி.

இத்தனைக்கும் குறிபார்த்துச் சுடுவதற்கு அது உதவாது. குழலுக்குள் புரி கிடையாது, குண்டு தளர்வாகவே போகும். நூறு கஜம் தாண்டினால் அதிர்ஷ்டம்தான். தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டதால்தான் பலன்.

மாட்டுவதற்கு முன் சட்டம். பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதத்துக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்குத் தருகிறது. உங்களுடையது அந்த வகையா என்று நீங்களே தீர்மானிக்காமல், உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நூறாண்டு கடந்த பொருளென்றால், வெளிநாட்டு உறவினர் ஆசைப்பட்டாலும் கொடுத்தனுப்பக் கூடாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது.