எஸ்பிரெசோ என்று தனிக் கொட்டை உண்டா?

வீட்டுக்கு எஸ்பிரெசோ மெஷின் வாங்க மாதக்கணக்கில் விசாரிக்கிறவர்கள்கூட, அதில் போடும் கொட்டையை இரண்டு நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். பாக்கெட்டில் 'எஸ்பிரெசோ' என்று எழுதியிருக்க வேண்டும். கொட்டை கருகருவென்று எண்ணெய் மினுமினுக்க வேண்டும். '100 சதவீதம் அராபிகா' என்றும் போட்டிருந்தால் மறுபேச்சே இல்லை. கடைசியில் கோப்பையில் கசப்போ புளிப்போ தூக்கலாக வந்தால் பழி மெஷின்மேல் விழுகிறது. கொட்டையை யாரும் சந்தேகிப்பதில்லை.

எஸ்பிரெசோ என்று ஒரு செடியும் கிடையாது, ஒரு ரகமும் கிடையாது. அது காபி இறக்கும் முறை. மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா 1901-ல் காப்புரிமை கோரிய மெஷின் நீராவி அழுத்தத்தில்தான் காபி இறக்கியது. நுரை மூடிய இன்றைய எஸ்பிரெசோ, 1940-களின் பிற்பாதியில் அக்கிலே காஜ்ஜியா கொண்டுவந்த நெம்புகோல் மெஷினில்தான் பிறந்தது. நைஸாக அரைத்த தூள் வழியே 9 பார் அழுத்தத்தில் வெந்நீர் அரை நிமிடத்துக்குள் பாய்வதுதான் அதன் அடிப்படை. வறுவலுக்கு இத்தாலியிலேயே ஒரே அளவு இல்லை. வடக்கே மிதமாக வறுப்பார்கள். நேப்பிள்ஸ் பக்கம் போனால் நிறம் கறுத்து, கலவையில் அராபிகாவோடு இன்னொரு காபி ரகமான ரொபஸ்டாவும் கூடும். பாக்கெட்டின் மேல் உள்ள 'எஸ்பிரெசோ' என்பது வறுத்தவரின் பரிந்துரை மட்டுமே.

எண்ணெய் மினுமினுப்பைப் புதுச்சரக்கின் அடையாளமாக நினைப்பவர்கள் ஏராளம். காபிக்கொட்டையின் எண்ணெய் அதன் உள்ளறைகளில் இருக்கிறது. கடுமையாக வறுக்கும்போது அந்த அறைச்சுவர்கள் உடைந்து எண்ணெய் மேலே கசிகிறது. காற்றுப் பட்டதும் அது சிக்குவாடை அடிக்கத் தொடங்கும். அரைக்கும் மெஷினின் பற்களிலும் பிசுபிசுவென்று ஒட்டும். மீடியம் ரோஸ்ட் கொட்டையில் எண்ணெய் தெரிந்தால் அது பெரும்பாலும் நாள்பட்ட சரக்குதான். புதிதாக மெஷின் வாங்கியவருக்கு, மேற்பரப்பு மங்கலாகவும் நிறம் நன்றாகப் பழுத்த பழுப்பாகவும் உள்ள மீடியம்-டார்க் வறுவலே தோது. இளவறுவல் கொட்டை கெட்டியானது. அதன் ருசியை இறக்கக் கைப்பழக்கம் வேண்டும், இல்லையென்றால் புளிக்கும்.

கறுப்பாக வறுத்தால் காஃபீன் கூடும் என்பதும் சரியல்ல. வறுவலால் காஃபீன் பெரிதாக மாறுவதில்லை. அதைத் தீர்மானிப்பது ரகம்: அராபிகாவில் இருப்பதைப் போல ரொபஸ்டாவில் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும்.

அந்த ரொபஸ்டாவுக்கு நம் ஊரில் நடக்கும் அநியாயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மட்டமான கலப்படச் சரக்கு போல அதன் பெயரைச் சொல்கிறார்கள். இந்தியாவில் விளையும் காபியில் ஏறக்குறைய எழுபது சதவீதம் ரொபஸ்டா. அதை அதிகம் வாங்கும் நாடுகளில் இத்தாலி முன்வரிசையில் நிற்கிறது, எஸ்பிரெசோ கலவைகளுக்காகவே. அடர்த்தியும், நிலைத்து நிற்கும் நுரையும் ரொபஸ்டா தரும் கொடை. கவனிக்க வேண்டியது பதப்படுத்திய விதம். வியாபாரத்தில் 'செர்ரி' என்று சொல்வது பழத்தோடு காயவைத்த கொட்டை. அதில் மட்டரகமானது மரக்கட்டை வாசம் அடிக்கும். 'பார்ச்மென்ட்' என்பது பழச்சதையை நீக்கி, கழுவிக் காயவைத்தது. அதிலிருந்து பொறுக்கியெடுத்த 'காப்பி ராயல்' என்ற உயர்தரத்துக்கு வெளிநாட்டில் தனி மதிப்பு உண்டு. கழுவிய அராபிகாவைக் கடைகளில் 'பிளான்டேஷன்' என்பார்கள். அதில் 'பிளான்டேஷன் ஏ' என்ற தரத்தோடு ஐந்தில் ஒரு பங்கு கழுவிய ரொபஸ்டா சேர்த்தால், பால் ஊற்றினாலும் அடிபடாத கலவை கிடைக்கும். புளிப்பே ஆகாதவர்கள், மேற்குக் கரையில் பருவக்காற்றின் ஈரத்தில் ஊறவைத்து வெளிறிப்போன மான்சூன்ட் மலபாரைச் சேர்த்துப் பார்க்கலாம். சேர்வராயன், பழனி மலை, நீலகிரி என்று அராபிகா விளையும் இடங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கும்போது இறக்குமதிப் பாக்கெட்டைத் தேடி ஓட வேண்டிய அவசியமே இல்லை.

பீபரி உசத்தி என்பது இன்னொரு நம்பிக்கை. பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றை விதை வளர்ந்தால் அது உருண்டையாகிவிடுகிறது, அவ்வளவுதான். நல்ல தோட்டத்துப் பீபரி நன்றாக இருக்கும். மட்டமான தோட்டத்தது மட்டமாகவே இருக்கும்.

"காலையில் வறுத்தது, இப்போதே போடுங்கள்" என்பது ஃபில்டர் காபி வீடுகளில் வேத வாக்கு. எஸ்பிரெசோவுக்கு இது ஆகாது. வறுத்த கொட்டைக்குள் கார்பன் டை ஆக்சைடு அடைபட்டிருக்கிறது. மெஷினுக்குள் அது குபுகுபுவென்று வெளியேறி, தண்ணீர் தூளோடு சரியாகச் சேரவிடாமல் தடுக்கிறது. கோப்பையில் நுரை மலைபோல் எழும்பும். குடித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த நுரையான கிரெமா பெருமளவு இந்த வாயுவால் ஆனது, அதன் உயரம் ருசிக்குச் சான்று ஆகாது. அதிலும் பல வீட்டு மெஷின்களோடு வரும், தூள் போடும் இரட்டைச் சுவர்க் கூடை, பழைய தூளிலிருந்துகூட நுரையை வரவழைத்துவிடும். வறுத்து ஒரு வாரம், பத்து நாள் ஆறவிட்டு, ஒன்றரை மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்ல கணக்கு. பாக்கெட்டில் காலாவதி தேதியைப் பார்ப்பதைவிட வறுத்த தேதியைப் பாருங்கள். அது இல்லாத பாக்கெட்டை எடுக்காதீர்கள்.

மீதியை ஃபிரிட்ஜில் வைப்பதும் தவறு. அடிக்கடி வெளியே எடுத்து உள்ளே வைக்கும்போது கொட்டைமேல் ஈரம் படியும், பூண்டு வாசமும் ஏறும். நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் சிறு சிறு பொட்டலமாகக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வைக்கலாம்.

கடையில் ஃபில்டருக்கு அரைத்த தூளையே போட்டால் என்ன? எஸ்பிரெசோவுக்கு அந்த அரவை போதாது, தண்ணீர் தடையில்லாமல் ஓடிவிடும். சிக்கரி கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். காபி-சிக்கரித் தூளில் 51 சதவீதம் காபி இருந்தாலே சட்டத்துக்குப் போதும். எஞ்சியது முழுக்கச் சிக்கரியாக இருக்கலாம். சுலபத்தில் கரையும் சிக்கரி மெஷினுக்குள் பிசின்போல் ஆகி வழியை அடைத்துக்கொள்ளும். மிக்ஸியும் உதவாது. அதன் கத்தி, கொட்டையை மாவும் குருணையுமாக உடைக்கிறது. மாவு கசக்க, குருணை புளிக்க, இரண்டும் ஒரே கோப்பையில் வந்து சேரும். பற்களுக்கு நடுவே நசுக்கி அரைக்கும் காபி கிரைண்டர்தான் வேண்டும், கையால் சுற்றுவதானாலும் சரி. பணம் குறைவாக இருந்தால் மெஷினில் குறைத்து இதில் போடுவதே புத்திசாலித்தனம்.

அரைக்கும் முன் கொட்டைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பதை மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள் உண்டு. இது உண்மையிலேயே பலன் தருவது. நிலைமின்சாரத்தால் தூள் கட்டிகட்டியாவதை ஈரம் குறைக்கிறது என்று அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 18 கிராம் கொட்டையை எடைபோட்டு, ஈரக்கையால் ஒருமுறை பிசறி அரைத்து, கூடையில் கொட்டி, மெல்லிய ஊசியால் அடிவரை கிளறிக் கட்டி உடைத்துச் சமன் செய்ய வேண்டும். பிறகு அழுத்துவது.

இங்கேதான் பலர் தோள் வலிக்க அழுத்துகிறார்கள். 58 மில்லிமீட்டர் கூடையில் 9 பார் அழுத்தம் என்றால் தூளின்மேல் ஏறக்குறைய 240 கிலோ பாரம். கையின் பத்துப் பதினைந்து கிலோ அதற்கு முன் எம்மாத்திரம்? சாய்வில்லாமல் அழுத்தினால் போதும். ஒரு பக்கம் தாழ்ந்தால் தண்ணீர் அந்தப் பக்கமாகவே துளைத்துக்கொண்டு பாயும்.

கோப்பையைத் தராசின்மேல் வைத்து, 36 கிராம் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 25 முதல் 30 வரை இருந்தால் குடித்துப் பார்க்கலாம். 15 விநாடியில் கொட்டிவிட்டால் நாக்கில் புளிப்பு ஏறும், இன்னும் நைஸாக அரைக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக 40-ஐத் தாண்டினால் கசக்கும், சற்றுப் பருமனாக்க வேண்டும். ஒருமுறை சரியாக வைத்த அரவை பாக்கெட் தீரும்வரை அப்படியே நிற்காது. வாயு அடங்க அடங்க அதே அரவையில் தண்ணீர் வேகமாக ஓடத் தொடங்கும். சில நாளுக்கு ஒருமுறை கிரைண்டரில் ஒரு புள்ளி நைஸாக்கிக்கொண்டே வர வேண்டியிருக்கும்.