ஒகேனக்கல் எண்ணெய் மசாஜ்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பென்னாகரம் தாண்டி, மலைப்பாதையில் இறங்கி, ஒகேனக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூன்று பேர் உங்களைத் தேடி வருவார்கள். ஒருவர் பரிசல்காரர். இன்னொருவர் மீன் வாங்கிக் கொடுத்தால் குழம்பு வைத்துத் தருகிறவர். மூன்றாமவர் கையில் எண்ணெய்ப் புட்டி இருக்கும். முதல் இரண்டு பேரிடம் எப்படிப் பேசுவது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாமவரிடம்தான் பலரும், "உடம்பெல்லாம் வலி, நல்லா அமுக்கி விடுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். உடம்பு உங்களுடையது. எங்கே வலி, எத்தனை நாளாக வலி, எந்த இடத்தைத் தொடக்கூடாது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

களை எடுத்துக் குனிந்தே கிடந்த முதுகு, பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போய் வந்த தோள், நாள் முழுக்க பைக் ஓட்டிய இடுப்பு என்று தருமபுரி மாவட்டத்தில் வலிக்குப் பஞ்சமே இல்லை. அதில் ஒரு பாதி மசாஜில் அடங்கும். மறு பாதிக்கு மசாஜ் உதவாது. சில வலிகளில் கெடுதலும் செய்யும்.

மசாஜ் என்ன செய்கிறது?

இடித்துக்கொண்ட முழங்கையை நாமே தேய்த்துக்கொள்கிறோம், வலி கொஞ்சம் மட்டுப்படுகிறது. இதற்கு 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். தொடுதலும் அழுத்தமும் நரம்பு வழியே போகும்போது, தண்டுவடத்தில் ஒரு கதவு சாத்தப்பட்டதுபோல வலிச் செய்தி குறைவாகவே மூளைக்குப் போய்ச் சேருகிறது என்பது அவர்கள் கருத்து. அதோடு இறுகிய தசை தளர்கிறது, மனப் பதற்றம் தணிகிறது, அன்று இரவு தூக்கம் வருகிறது.

ஆராய்ச்சி சொல்வதும் ஏறத்தாழ இதுதான். இடுப்பு வலிக்கான மசாஜ் பற்றி காக்ரேன் அமைப்பு 2015-ல் 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. குறுகிய காலத்துக்கு வலி குறையலாம், ஆனால் ஆதாரம் வலுவானதல்ல என்று முடித்தது. உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்காக 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மசாஜுக்கு இடம் உண்டு. அதனுடன் உடற்பயிற்சியும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதும் சேர்த்தே பரிந்துரைக்கப்பட்டுள்ளன. ஆக, மசாஜ் சில நாள் நிம்மதி தரும். அந்த நாட்களில் நடந்து, நீட்டி மடக்கி, உடம்பைப் பழக்கிக்கொண்டால் பலன் நிற்கும்.

"உடம்பில் இருக்கிற கெட்ட நீரெல்லாம் இறங்கிடும்", "நரம்பில் அடைப்பு விலகிடும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் கடந்துவிடுங்கள். கழிவை வெளியேற்றும் வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்கின்றன.

படி 1: உங்கள் வலி எந்த வலி?

வேலை செய்தால் கூடி, ஓய்வெடுத்தால் குறைந்து, ஒரு குறிப்பிட்ட தசையை அழுத்தினால் "ஆ, அங்கதான்" என்று சொல்ல வைக்கிற வலி மசாஜுக்கு உரியது. கழுத்து இறுக்கம், தோள்பட்டைப் பிடிப்பு, மலையேறிய மறுநாள் கெண்டைக்கால் வலி எல்லாம் இந்த வகை.

நெஞ்சு இறுக்கி, இடது தோளுக்கோ தாடைக்கோ வலி பரவி, வியர்த்துக் கொட்டினால் அதை "வாயுப்பிடிப்பு" என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். இடுப்பு வலியோடு கால் பலவீனம், தொடை இடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமை வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலும் உடல் எடை குறைவும் சேர்ந்த முதுகு வலியைக் காசநோய்க்காகவும் பரிசோதிக்க வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் அரிதல்ல.

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொரு வலி உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகளில் இருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்திய தர நிர்ணய அளவு. அதற்கு மேல் ஃபுளோரைடு உள்ள போர் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு முதலில் பல்லில் பழுப்புக் கறை விழும். பிறகு மூட்டும் முதுகும் விறைக்கும். எலும்பு பார்வைக்குத் தடித்திருந்தாலும் எளிதில் உடையக்கூடியதாகிறது, எலும்பை இணைக்கும் தசைநாரில் சுண்ணாம்பு படிகிறது. குனிய முடியாத, கழுத்தைத் திருப்ப முடியாத அந்த விறைப்பைச் "சுளுக்கு" என்று எண்ணி முறுக்கி எடுக்க முயன்றால் எலும்பே முறியலாம்.

இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாயில், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பல்லில் கறை, முதுகில் விறைப்பு இரண்டும் இருந்தால் அவரை மசாஜுக்கு அழைத்துப் போகும் முன் எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் இந்தத் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

படி 2: யார் தவிர்க்க வேண்டும்?

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது என்றால் அதை அமுக்கவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நீண்ட பயணம் அல்லது அறுவை சிகிச்சைக்குப் பின் படுத்த படுக்கையாக இருந்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

காய்ச்சல் உள்ளவர்கள், டெங்குவில் தட்டணுக்கள் குறைந்து இப்போதுதான் தேறி வருகிறவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சமீபத்தில் எலும்பு முறிந்தவர்கள், தோலில் புண்ணோ படையோ உள்ளவர்கள் இப்போதைக்கு வேண்டாம். கர்ப்பிணிகளும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகுதான். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்குச் சுடுகிற எண்ணெயின் சூடு உறைக்காது, கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும்.

படி 3: ஆற்றில் தண்ணீர் எவ்வளவு?

தருமபுரி நகரில் இருந்து ஒகேனக்கல் சுமார் 45 கிலோமீட்டர். கிளம்பும் முன் நீர்வரத்துச் செய்தியைப் பாருங்கள். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பித் தண்ணீர் திறந்தால், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளவு எகிறும். உடனே மாவட்ட நிர்வாகம் அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை போட்டுவிடும். தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஜூலை, ஆகஸ்டில் இது வழக்கம். ஆடிப்பெருக்குக்கே சில ஆண்டுகள் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். தடை இருக்கும்போது கம்பியைத் தாண்டிப் போய்க் குளிக்கிற வீரம் வேண்டாம், பாறை இடுக்கில் சுழல் இருக்கும்.

படி 4: ஆள், எண்ணெய், கூலி

உட்காரும் முன்னே கூலியைப் பேசி முடியுங்கள். தலைக்கு மட்டுமா, முழு உடம்புக்கா, எவ்வளவு நேரம், எண்ணெய் அதில் அடக்கமா என்று நான்கையும் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் முடிந்த பிறகு வாக்குவாதம் வரும்.

எண்ணெய் விஷயத்தில் என் யோசனை, வீட்டிலிருந்தே நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒரு சின்னப் புட்டியில் கொண்டு போங்கள். அங்கே கிடைக்கும் கலவை எண்ணெய் கெட்டது என்று சொல்லவில்லை. அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, தோலுக்குப் புதிதாக இருந்தால் அரிக்கலாம். கற்பூரம் சேர்த்த எண்ணெயைக் குழந்தைகளுக்குத் தேய்க்க வேண்டாம். கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழைய பழக்கத்தையும் இதோடு நிறுத்திவிடலாம், மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாக மாறலாம்.

பெண்கள் பெண்களிடமே செய்துகொள்ள விரும்பினால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். திறந்தவெளி கூச்சமாக இருந்தால் கீழே சொல்கிறபடி வீட்டிலேயே செய்துகொள்வது மேல். வாட்ச், மோதிரம், கண்ணாடி, போன் எல்லாவற்றையும் கூட வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 5: கல்லில் உட்கார்ந்த பிறகு

ஆளுக்கு ஆள் வரிசை மாறும். பெரும்பாலும் உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தட்டுவதில் தொடங்கும். உள்ளங்கை குழிந்து விழும் தட்டு அது, சத்தம் பெரிதாக இருக்கும், வலிக்காது. பிறகு இரண்டு கட்டைவிரலும் பிடரியில் இருந்து தோளுக்கு உருவிக்கொண்டு வரும். கையை நீட்டி, தோளில் இருந்து மணிக்கட்டுவரை பிழிந்து, விரல் விரலாகச் சொடுக்கெடுப்பார்கள். குப்புறப் படுக்க வைத்து, முதுகுத்தண்டை விட்டுவிட்டு அதன் இரு பக்கத்துத் தசையில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி ஏற்றி இறக்குவார்கள். நல்ல கைக்காரர் எலும்பின் மேல் அழுத்தமாட்டார். முழங்காலின் பின்குழியிலும் தொடை இடுக்கிலும் கழுத்தின் முன்பக்கத்திலும் பலமாக அழுத்தவும் மாட்டார். இந்த ஒன்றைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடலாம்.

பொறுத்துக்கொள்ளக்கூடிய, ஒருவித சுகத்தோடு கலந்த வலி சரி. மூச்சை அடக்க வைக்கிற வலியும், மின்சாரம்போலச் சுரீரென்று கை காலுக்கு ஓடும் வலியும் தப்பு. உடனே "போதும் அண்ணே, மெதுவா" என்று சொல்லுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. தாடையையும் தலையையும் பிடித்து ஒரு வெட்டு வெட்டிக் கழுத்தில் சடக்கென்று சத்தம் எழுப்புகிற வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். மசாஜ்காரரிடம் மட்டுமல்ல, சலூனிலும்தான். கழுத்தெலும்பின் ஊடே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் உள்ளன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அழகு நிலையத்தில் தலையைப் பின்னால் அதிகமாக மடக்கி முடி அலசியதால் பக்கவாதம் வந்த ஐந்து பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று 1993-லேயே எழுதியிருக்கிறது. அரிது என்பது உண்மை. ஆனால் அந்தச் சத்தத்தால் கிடைக்கும் நன்மை அதைவிடச் சொற்பம். "கழுத்தை மட்டும் திருப்ப வேண்டாம்" என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

படி 6: குளியல்

முடிந்ததும் பத்து நிமிஷம் உட்கார்ந்து, மெதுவாக எழுந்திருங்கள். ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். உள்ளங்காலில் இருக்கும் எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகே பாறையில் கால் வைக்க வேண்டும். அருவியில் தலையைக் காட்டுவதைவிடத் தோளையும் முதுகையும் காட்டுங்கள், வேகமாக விழும் தண்ணீர் கழுத்துக்கு நல்லதல்ல. அரப்போ சீயக்காயோ கொண்டு போனால் ஆற்றுக்கும் நல்லது. ஷாம்பு பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

மறுநாள் லேசாக உடம்பு வலித்தால் கவலை வேண்டாம், ஓரிரு நாளில் போய்விடும். கன்றிப்போயிருந்தாலோ, மரத்துப்போயிருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் செய்துகொள்ள

ஒகேனக்கல்லுக்கு மாதாமாதம் போக முடியாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். எண்ணெயை வெதுவெதுப்பாக்கி, முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் தொட்டுப் பாருங்கள். கெண்டைக்காலைக் கணுக்காலில் இருந்து மேல்நோக்கி, இரண்டு கையாலும் உருவுங்கள். தோளுக்கு, எதிர்க்கையால் தசையைப் பிடித்து, ஐந்தாறு நொடி நிறுத்தி விடுங்கள். இடுப்புக்கு இன்னொருவர் கை வேண்டும். மொத்தம் 15 நிமிஷம் போதும். பிறகு வெந்நீர்க் குளியல், கொஞ்சம் நடை.

சித்தா பிரிவு, பிசியோதெரபி

சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணம் என்ற மசாஜும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகை. ஒகேனக்கல் கைக்காரர்கள் செய்வதில் பாதி இந்தப் பட்டியலில் இருக்கிறது. மாதக்கணக்காக நீடிக்கும் வலிக்கு, அரசு மருத்துவமனையில் உள்ள சித்தா பிரிவில் காட்டினால் நோயைப் பார்த்து உளுந்து தைலம், வாத கேசரி தைலம் போன்றவற்றைத் தருவார்கள். பக்கவாதத்தால் படுத்திருப்பவர்கள் வீட்டில் இருந்தால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். ஆறு வாரம் தாண்டியும் குறையாத எந்த வலிக்கும் சித்தா பிரிவு, பிசியோதெரபி என்ற இந்த இரண்டு கதவில் ஒன்றைத் தட்டுங்கள்.

ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை விழுந்தால் பரிசல்காரரைப் போலவே மசாஜ்காரருக்கும் அன்றைக்கு வருமானம் இல்லை. வெள்ளம் பல நாள் நீடித்தால் அத்தனை நாளும் அப்படித்தான். பேரம் தாராளமாகப் பேசுங்கள், ஆனால் உட்காரும் முன் பேசுங்கள். எண்ணெய் வைத்த பிறகு பேசிய கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள்.